பூட்டிய வாட்டில் ஒரு கேள்விப் பெட்டி

மனநோய் பற்றி எதை ஆராய வேண்டும் என்று நோயாளர்களிடமே கேட்டு எழுதி வருகிற தொழில் என்னுடையது. முந்தலுக்குக் கிட்ட, நீதிமன்றம் அனுப்பியவர்களை வைத்திருக்கும் பூட்டிய மனநல வாட்டு ஒன்றுக்கு ஒரு வருஷம் போய் வந்தேன். படிவமும் கையுமாகப் படியேறி, "இன்னொரு நாள் வாங்க" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய என் தொழில் இனத்தவரே, உங்களுக்குத்தான் இது.

சரியும் பிழையும்

முதல் நாள். சம்மதப் படிவத்தின் ஐந்து பக்கங்களையும் வாசித்து முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. நோயாளர்களில் கற்பிட்டி ராசிக் நானா மட்டும் கவனமாகக் கேட்டார். மருந்தினால் அவருக்குக் கை நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இதில் சரியான விடை, பிழையான விடை என்று ஒன்றும் இல்லை" என்று முடித்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கோர்ட்டுலயும் இங்கயும் நான் வாயத் தொறந்தா சரி பிழைதான் பாத்தாங்க. அத இன்னொருக்கா சொல்லுங்க புள்ள."

அன்னம்மாளுக்கு வந்தவை

பேசக் கூச்சப்படுபவர்கள் எழுதிப் போடட்டும் என்று ஒரு பெட்டி வைத்தேன். அது தலவில புனித அன்னம்மாள் கோவில் திருவிழாக் காலம் என்பதை யோசிக்கவில்லை. திறந்தால், பாதிக்கு மேல் அன்னம்மாளுக்கு எழுதிய மன்றாட்டுகள்! கோவில் பெட்டி என்றே நினைத்துவிட்டார்கள். ஆலங்குடாவில் கடற்றொழில் செய்த அந்தோனி அண்ணன் எழுதியது ஒரே வரி: 'அன்னம்மா தாயே, என்ட மகள் ஒருக்கா வந்து பாக்கோணும்.' நாலு வருஷமாக அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

"அண்ணன், இது தலவிலவுக்குப் போகாது, டொக்டர்மாரிட்டத்தான் போகும்" என்றேன். சொல்வதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது.

"பரவால்ல தங்கச்சி. அவங்களுக்கு ஏலாட்டி அன்னம்மாட்டயே குடுத்திருங்க."

பத்தாவது இடம்

அந்த மன்றாட்டைக் கேள்வியாக்கினேன்: 'பூட்டிய வாட்டில் இருப்பவரைப் பார்க்க வரும் வீட்டார் ஏன் வராமல் நின்றுவிடுகிறார்கள்? அவர்களைத் திரும்ப வரவைப்பது எப்படி?' ஆராய்ச்சிக்கு அனுப்பும் பட்டியலில் இடம் பத்துக் கேள்விகளுக்குத்தான். நோயாளர்கள் ஆளுக்கொரு நட்சத்திரம் ஒட்டி வாக்களித்தார்கள். அந்தோனி அண்ணனின் கேள்வி ஒரே ஒரு நட்சத்திரத்தால் பதினோராவதாகப் போனது.

"இது ஆராய்ச்சியா, ஆசையா?" என்று வாக்கெடுப்பைப் பார்க்க வந்த வாட்டு டொக்டர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ராசிக் நானா எழும்பி வந்தார். பத்தாவதாக நின்றது அவருடைய கை நடுக்கக் கேள்விதான். அதில் ஒட்டிய தன் நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, அந்தோனி அண்ணனின் கேள்வியில் ஒட்டினார். அந்தக் கைக்கு அது லேசான வேலையில்லை. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"என்ட கை நடுக்கம் பழகிட்டு டொக்டர். அந்தோனிக்கு வாசலப் பாத்துட்டு இருக்கிறது இன்னும் பழகல்ல."

மூன்று வருஷம்

கேள்வி பட்டியலில் ஏறிவிட்டது என்று, வாக்களித்துவிட்டு முன்பே வாசல் பக்கம் போய்விட்ட அந்தோனி அண்ணனிடம் சொல்ல ஓடினேன். ஆசைகாட்டி ஏமாற்றக்கூடாதே என்று, விடை கிடைக்க மூன்று வருஷமாவது செல்லும் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஒரு கதிரையை இழுத்து என் பக்கம் தள்ளினார்.

"அவசரப்படாம வடிவாப் பாருங்க தங்கச்சி. நான் இங்கதானே இருப்பன். எனக்குப் பிறகு வாறவனுக்காவது ஆள் வரட்டும்."

ஆறுதல் சொல்லப் போய் ஆறுதல் வாங்கிக்கொண்டு திரும்புகிறவளுக்கும் மாதச் சம்பளம் தருகிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.