ஆறு வயது மூத்த சினைப்பை

கருங்குழி கன்னியம்மா இரண்டு முறை பிறந்தவள். முதல் தடவை மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு. இரண்டாம் தடவை பதினொரு வயதில், தலைமையாசிரியரின் பேனாவுக்கு. அதுவரை தம்பிகளைத் தூக்கி வளர்த்துக்கொண்டிருந்தவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயதுதான் ஆகியிருக்க வேண்டும். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல வளர்த்தி" என்று சொல்லிவிட்டு ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதினார்.

அந்தச் சான்றிதழை நம்பித்தான் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் நாளும் ஆறு வருடம் தள்ளிப் போயிற்று. இதைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை.

சான்றிதழ்ப்படி முப்பத்தொன்பதில் அவளுக்கு மாதாமாதம் வரும் தூரம் நின்றது. மறு வருடம் செங்கல்பட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு ஊருக்கு வந்தது. பெண்களின் சினைப்பைக்கு எப்படி வயதாகிறது, அதனால் எலும்பும் இதயமும் என்ன ஆகின்றன என்று பார்க்கிறார்களாம். ஆதார் நகலையும் ரத்தத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரத்தில் செங்கல்பட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். குழுவின் தலைவி டாக்டர் ஜெயப்பிரியாவின் முகத்தில் கல்யாணக் களை.

"அக்கா, உங்க சினைப்பைக்கு உங்களவிட ஆறு வயசு கூட!"

கன்னியம்மாவுக்கு வியர்த்தது. ஐந்தில்லை, ஏழில்லை, ஆறு!

"யாரு சொன்னா டாக்டரம்மா?"

"உங்க ரத்தம்தான். இது ரொம்ப அபூர்வம். அம்பது வயசு வரைக்கும் தினம் ஒரு மாத்திரை போடணும். அடுத்த மாசம் மாமல்லபுரத்துல ஒரு கூட்டம், அங்க உங்களப் பத்தித்தான் பேசப்போறேன்."

மறுநாள் அரிசி களைந்துகொண்டே கூட வேலை செய்யும் பிரிசில்லாவிடம் சான்றிதழ் விஷயம் உட்பட எல்லாவற்றையும் அழாத குறையாகச் சொன்னாள். பிரிசில்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உனக்கு மட்டுந்தான வாத்தியாரு வயசக் கொறச்சாரு? உள்ள கீறது பள்ளிக்கூடமே போவல, அதான் உண்மைய ஒளறிடுச்சு!"

"சிரிக்காதடி. சொன்னா வேல பூடும். சொல்லாங்காட்டி மாத்திர."

"அப்ப முழுங்கு."

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சான்றிதழுக்கு வந்த வியாதிக்கு நாம் ஏன் மருந்து தின்ன வேண்டும்? அடுப்பை அணைத்தவுடன் செங்கல்பட்டு பஸ் பிடித்தாள்.

எல்லாவற்றையும் கேட்ட ஜெயப்பிரியா, கூட்டத்தில் காட்ட அவளைப் பற்றித் தயாரித்திருந்த பக்கத்தைக் கணினியில் திறந்தார். பிறகு அழித்தார்.

"எங்க பதிவுல பேர் கிடையாதுக்கா, வெறும் நம்பர். உங்க ஆபீசுக்கு எதுவும் போகாது. நாப்பத்தஞ்சுல நின்னிருக்கு, அது சாதாரணந்தான். இந்த மாத்திரை வேண்டாம்."

கன்னியம்மாவின் முகம் சட்டென்று தொங்கிப்போனது. "அப்ப என்னப் பத்திப் பேச மாட்டீங்களா? ஒரு நா அதிசயமா இருந்தேன், அதுவும் பூடுச்சா?"

"பேச வேணாம். ஆனா எலும்ப மட்டும் பாத்துடலாம். இனிமேதான் அது தேய ஆரம்பிக்கும்."

சீட்டை எடுத்துக்கொண்டு கீழே எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: "வயசு?"

கன்னியம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எலும்புக்கா, ஆபீசுக்கா?"