ஏசிக்கு வைத்த பொட்டு

நாகேந்திரனைப் பற்றி அம்பத்தூர் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும், ஏசியைத் திருகி முதலாளியை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த டிரைவர்தானே என்பார்கள். உண்மை தெரிந்த வெளியாள் நான் ஒருவன்தான். தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவனும் நான்தான்.

நான் கார் ஏசி மெக்கானிக். எண்பத்து நாலில் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் பட்டறை போட்டேன். நாகேந்திரன் கொரட்டூர்க்காரன். தன் அப்பா நெல் நட்ட நிலத்தில்தான் எஸ்டேட்டின் பாதி ஷெட் நிற்கிறது என்று பெருமையாக அளப்பான். பெருமைப்பட அதில் என்ன இருந்ததோ தெரியாது. அந்த ஷெட் ஒன்றில் போல்ட், நட்டு செய்துகொண்டிருந்த பரந்தாமனுக்குப் பதினெட்டு வருஷம் கார் ஓட்டினான்.

எண்பத்தாறில் பரந்தாமன் வாங்கிய காருக்கு நான்தான் ஏசி மாட்டினேன். கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒரு திருகு. நாகேந்திரன் கண்ணாடியில் முதலாளியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவான். அவர் கழுத்தைத் துடைத்தால் கூட்டுவான், கையைக் கட்டிக்கொண்டால் குறைப்பான். ஏசி என்ற சொல்லே பரந்தாமன் வாயில் வந்ததில்லை.

தொண்ணூற்றேழில் பரந்தாமனுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்ததும் வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கினார். அதில் ஏசி தானாகவே இயங்கும். இருபத்தைந்து என்று எண்ணை வைத்துவிட்டால் வெளியே வெயிலோ மழையோ, உள்ளே இருபத்தைந்துதான். நெஞ்சில் குளிர் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிமேல் பட்டனில் கை வைக்காதே, அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பரந்தாமன் நாகேந்திரனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். கை கேட்குமா? பதினோரு வருஷப் பழக்கம். சிக்னலில் நின்றால் விரல் தானாகப் பட்டன் பக்கம் போகும், பாதியில் இழுத்துக்கொள்வான். பின் சீட்டில் இருந்தவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. அதற்கு மறுநாளிலிருந்து கார் ஐஸ் பெட்டி ஆகிவிட்டது. எண் என்னவோ இருபத்தைந்துதான், காற்றோ எலும்பைக் குடைந்தது. காட்டுப்பாக்கம் வீட்டிலிருந்து எஸ்டேட் வருவதற்குள் மாத்திரை அசதியில் பரந்தாமன் தூங்கிவிடுவார், நடுங்கிக்கொண்டு விழிப்பார். தான் தூங்கும்போது டிரைவர் தன் சுகத்துக்கு எண்ணைக் குறைத்துவிட்டு, விழிக்கும் முன் ஏற்றி வைக்கிறான் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. நாகேந்திரன் தொடவே இல்லை. நாலாம் நாள் அவர் உதடு வெளுத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்து, பயத்தை விட்டு, ஏசியை நிறுத்தக் கையை நீட்டினான். விரல் பட்டன் மேல் இருந்தபோது அவர் கண்ணை விழித்தார்.

அந்த வாரமே அவருக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே நாகேந்திரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவன் கார் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டானாம்.

புது டிரைவர் வந்தும் குளிர் விடவில்லை. பழையவன் நோண்டி நோண்டிக் கெடுத்துவிட்டான் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். பட்டன்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சல்லடை உண்டு. காருக்குள் இருக்கும் காற்றை அது உறிஞ்சி, எவ்வளவு சூடு என்று ஏசிக்குச் சொல்லும். அந்தச் சல்லடையின் மேல் சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிக் கிடந்தன. உள்காற்று போக வழியில்லை. பின்னால் இருக்கும் மின்கம்பிகளின் சூட்டையே கார் சூடு என்று நினைத்து, அது குளிரைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. குண்டூசியால் சுரண்டினேன், இரண்டு நிமிஷ வேலை. பரந்தாமனிடம் எதையும் சொல்லாமல் நேரே கொரட்டூருக்குப் போனேன்.

சல்லடை அடைத்ததுதான் காரணம் என்று நாகேந்திரனுக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. வண்டியெல்லாம் துடைத்தவன் அந்தப் பொட்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறான்.

"அம்மா வச்ச பொட்டு அண்ணாத்தே," என்றான். "ஐயா பொழச்சி வந்தாரேன்னு அழுதுகினே வச்சாங்கோ. அத்த நான் எப்டி தொடைக்கிறது? நாளைக்கு அவருக்கு இன்னாவாவது ஆச்சுன்னா?"

அம்மா என்றது பரந்தாமன் மனைவி வசந்தாவை. நான் போய் சொல்கிறேன், வேலை திரும்பக் கிடைக்கும் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். தன் கையாலேயே புருஷனைப் படுக்க வைத்தோம் என்று தெரிந்தால் அந்த அம்மாள் தாங்கமாட்டாள், சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கினான். நானும் செய்து தொலைத்தேன். பரந்தாமனிடம், தூசி அடைத்திருந்தது சார் என்றேன். நான் ஒரு கோழை.

கெட்ட பெயர் வாங்கியவனை யாரும் காரில் ஏற்றவில்லை. கடைசியில் தண்ணீர் லாரி கிடைத்தது. காலுக்குப் பக்கத்திலேயே இன்ஜின், தலைக்கு மேல் தகரம். தொண்ணூற்றெட்டு கத்திரி வெயிலில் சென்னீர்குப்பத்தில் லாரிகள் வரிசையாக நின்ற ஒரு மதியம், ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டான். உடம்பைத் தொட்டவர்கள் கொதித்தது என்றார்கள். நாற்பத்தெட்டு வயது.

பதினாறாம் நாள் காலையில் பரந்தாமன் கொரட்டூர் வீட்டுக்கு வந்தார். சுமங்கலி வரக்கூடாத வீடு என்பதால் வசந்தா அம்மாள் வரவில்லை. இன்ஜினை அணைக்காமல் காரை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நல்ல டிரைவர். அந்த ஏசி விஷயத்துலதான் புத்தி கெட்டுப்போச்சு," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியமாவது மண்ணாவது. பொட்டு வைத்தது யார், அவன் ஏன் துடைக்கவில்லை, நான் எதைச் சுரண்டி எடுத்தேன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, "வசந்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றார்.

அவனும் அதைத்தான் கேட்டான் சார் என்றேன். அவர் போய்க் காரில் ஏறினார். கண்ணாடி மூடியே இருந்தது.

உள்ளே நாகேந்திரன் மனைவி வேம்புலியம்மாளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்தாள்.