கரவெட்டிக்கு வந்த கடற்பனிக்காரி

காலை எட்டரைக்கு நல்லூரில் ஓட்டோ ஏறினோம். என்னோடு வந்தவர் இங்க்ரிட், நோர்வேக்காரி. வடதுருவக் கடற்பனிக்கு மேலே உள்ள காற்றை அளக்கும் பன்னாட்டுக் குழுவின் தலைவி. நான் இங்கே பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். போகும் இடம் கரவெட்டி, இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். வாடகை நாலாயிரம் ரூபா. என் மாணவி தரணியைத் இங்க்ரிட் குழுவின் ஆராய்ச்சிக் கப்பலுக்கு அனுப்பும்படி அவளின் தகப்பனைக் கேட்கப் போகிறோம். பெண் கேட்டுப் போகிறமாதிரிக் கதலிப்பழச் சீப்போடுதான் போனோம்.

கோப்பாய் தாண்டியதும் ஓட்டோக்காரத் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, உவ என்ன வேலை?"

"ஐஸ் ஆராய்ச்சி."

சடாரென்று பிரேக். "ஐயோ அக்கா! உந்தச் சாமானோடையே என்ரை ஓட்டோவிலை ஏறினனீங்கள்? பொலிஸ் பிடிச்சா நானெல்லோ உள்ளுக்கை!"

இப்போது எங்கள் ஊரில் ஐஸ் என்றால் போதைப்பொருள். படித்து என்ன, எனக்கு அது மறந்தே போயிற்று! "கடல் உறையிற ஐஸடா தம்பி!" என்றேன். அவன் பயந்த கதையை இங்கிலிசில் விளங்கப்படுத்தியதும் இங்க்ரிட் வல்லை வெளி முடியும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

பத்து மணிக்குக் கரவெட்டி. தரணியின் தகப்பன் வெங்காயத் தோட்டத்திலிருந்து காலைக் கழுவிக்கொண்டு வந்தார். தாய் தட்டை வடையும் தேத்தண்ணியும் வைத்தா, தரணி தாயின் பின்னால் நின்றாள். இங்க்ரிட் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன்: கப்பல் பனிக்குள் உறைந்து நிற்கும், இளவேனிலில் வெயில் திரும்பும்போது கடற்பனியின் உப்பிலிருந்து புரோமின் கிளம்பிக் கீழ்க்காற்றின் ஓசோனைத் தின்னும், அதை அளக்கத் தரணி வேண்டும்.

"அது சரி மிஸ். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. அவள் நினைச்ச நேரம் வரேலுமே?"

கேள்வியை இங்கிலிசில் சொன்னேன். பதிலைக் கொஞ்சம் சீனி தூவித் தமிழாக்குவோமா என்று எனக்கு ஆசைதான். ஆனால் இங்க்ரிட் முந்திக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார், இல்லையென்று. ஏழு மாதம் எவரும் திரும்பேலாது. தகப்பன் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். தரணியின் முகம் செத்துப்போயிற்று.

பதினொன்றரைக்கு எழும்பினோம். இங்க்ரிட் கை கூப்பி, தான் பழகிவந்த தமிழை எடுத்துவிட்டார்: "நான் போறன்."

தாய் பதறிப்போனா. "சிவ சிவா!" தகப்பன் அன்றைக்கு முதல்தரம் சிரித்தார். "அம்மா, உப்பிடிச் சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லோணும்."

அர்த்தத்தைத் தரணி இங்கிலிசில் சொன்னாள்: போய், திரும்பி வருவேன். இங்க்ரிட் கவனமாகச் சொல்லிப் பார்த்தார், "போட்டு வாறன்." பிறகு தரணியைக் காட்டி, "தரணியும் போட்டு வாறன்?" என்று கேட்டார். இலக்கணம் பிழைதான், திருத்த எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தகப்பன் சால்வையை உதறித் தோளில் போட்டார். மகளைப் பார்த்தார்.

"பிள்ளை, கப்பல் ஏறேக்கை நீயும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லோணும். கேட்டதே?"

"ஓம் அப்பா," என்றாள் தரணி, அழுதுகொண்டே.