புண்ணாக்குப் பார்ட்டி கடல் பார்த்த கதை

உப்புத் தண்ணீரில் போட்ட காப்பியை நீங்கள் குடித்திருக்கிறீர்களா? முதல் மடக்கில் அது காப்பி மாதிரிதான் இருக்கும். இரண்டாவது மடக்கில் நாக்கின் ஓரத்தில் யாரோ உப்புக்கல்லை வைத்துத் தேய்த்தது போல ஒரு கரிப்பு ஏறும். மூன்றாவது மடக்குக்கு வாயைக் கொண்டுபோவதற்குள் பால் திரிந்து டம்ளரின் மேலே சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகளாக மிதக்க ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு வயதில், ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் பயணியர் விடுதியில், அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அந்தத் திட்டுகளையே பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த காலை நேரம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பயந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தை அந்த விடுதிக்கு இழுத்துக்கொண்டு போன மகான் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் அப்பா புண்ணாக்கு, பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்தார். மாட்டுக்கு லீவு கிடையாது, அதனால் கடைக்கும் கிடையாது என்பது அவருடைய கொள்கை. அம்மா, மழை எப்போதாவது எட்டிப்பார்க்கும் பரளச்சிக் கிராமத்துக்காரி. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஊர்விட்டு ஊர் போவதென்றால் கல்யாணம், காதுகுத்து, 'துட்டி', சாமி என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டும். துட்டி என்றால் சாவு வீட்டுக்குப் போவது. காரணம் இல்லாமல் பயணம் போவதற்கு எங்களிடம் ஒரு சொல்கூடக் கிடையாது, 'சும்மா' என்பதைத் தவிர. அம்மா அதுவரை ஒருநாள்கூடச் சும்மா வெளியூரில் தங்கியதில்லை. கடலையும் பார்த்ததில்லை. திருச்செந்தூருக்கு இரண்டு தடவை புறப்பட்டு, இரண்டு தடவையும் பஸ் ஏறும் நேரத்தில் துட்டிச் சேதி வந்து நின்றுபோனது. "அந்தக் கடலுக்கும் எனக்கும் என்ன பகையோ" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

இந்தச் சமயத்தில்தான் கடைக்கு லோடு கொண்டுவந்த லாரி டிரைவர் ஒருவர், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஒரு நோட்டீசையும் விட்டுவிட்டுப் போனார். நீலக் கடல், தென்னை மரம், மாடி வைத்த வெள்ளைக் கட்டிடம், மாடியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண். கீழே, 'கடல் பார்த்த அறைகள், எந்நேரமும் தண்ணீர்'. எந்நேரமும் தண்ணீர்! குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருக்கும் ஊரில் அந்த இரண்டு சொற்களும் என்னை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரிடமும் கேட்காமல், அப்பாவின் லெட்டர் பேடில், மேலே 'உயர்தரப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை' என்ற அச்செழுத்துகளோடு, "மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி, கடை முத்திரையை மூன்று இடத்தில் குத்தித் தபாலில் போட்டேன். பத்தே நாளில் 'வருக' என்று கார்டு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

அப்பா அந்தக் கார்டைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார் என்பதிலிருந்து அவருக்குக் கோபமில்லை என்று தெரிந்துகொண்டேன். முழுப் பரீட்சை லீவில் ஒரு நாள் கடையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே, ஒரு தடவ போயிப் பாப்போம். நல்லா இருந்துச்சுன்னா வருசா வருசம் போவோம். நல்லா இல்லன்னு வையி, இதோட இந்தப் பேச்ச மூட்ட கட்டிப் பரண்ல போட்டுறணும். நீயும் கேக்கக் கூடாது, ஒங்கம்மாவும் கேக்கக் கூடாது."

அம்மா எதுவும் கேட்டிருக்கவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினாள். தெருவில் "என்ன விசேசம், எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டவர்களிடம் சும்மா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, "ஒரு நேத்திக்கடன்" என்று சொல்லிவிட்டாள். நாலு வீட்டுக்காரர்கள் எங்களுக்காகவும் கும்பிட்டுட்டு வா என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படியாக நாலு குடும்பத்தின் வேண்டுதலும் அம்மாவின் ஆசையும் அப்பாவின் நிபந்தனையும் சேர்ந்து என் தலைமேல் உட்கார, திருச்சுழி, வீரசோழன் என்று பஸ் மாறி மாறி, புழுதியில் முங்கி எழுந்த மூன்று பேராகப் பொழுது சாயும் நேரத்தில் போய் இறங்கினோம்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த விடுதிக்காரரின் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கக்கூடும்.

மாடி இல்லை. மாடி வரும் என்ற நம்பிக்கையில் ஓவியர் முன்கூட்டியே வரைந்துவிட்டிருந்தார். தென்னை இருந்தது, மட்டை இல்லாமல். கட்டிடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வேலிக்கருவைக் காடும், அதற்கு முன்னால் கருவாடு காயப்போடும் களமும் இருந்தன. வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மானேஜர் எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "புண்ணாக்குப் பார்ட்டி வந்தாச்சு, மூணாம் நம்பரத் தொற!" என்று சத்தம் போட்டார். என் லெட்டர் பேடின் புகழ் அது. திரும்பி வரும்வரை எங்களுக்கு அதுதான் பெயர்.

அறையில் ஒரு கட்டில், அதற்கு மூன்று காலும் ஒரு செங்கல்லும். ஜன்னல் கிடையாது. கடல் எங்கே என்று அப்பா கேட்டதற்கு மானேஜர் சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துவாரத்தைக் காட்டினார். அப்பா கட்டில்மேல் ஏறி, எட்டி, கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியிது. சுண்டுவெரல் அகலத்துக்குத் தெரியிது. பொய் சொல்லல."

அவர் கிண்டல் செய்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் முந்திக்கொண்டு, "காத்து எப்பிடி வருது பாத்தீகளாப்பா" என்றேன். காற்று வரத்தான் செய்தது, கருவாட்டையும் தூக்கிக்கொண்டு. அம்மா மூக்கை உறிஞ்சி, "நெத்திலி, நல்லாக் காஞ்சிருக்கு" என்றாள். அவளுக்கு வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்திருக்க வேண்டும். குழாயைத் திருகினால் அது முதலில் இருமியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது, பிறகு எந்நேரமும் தண்ணீர் வந்தது, எந்நேரமும் உப்பாக. சோப்பு நுரைக்கவில்லை. எதிர் அறையில், மதுரையில் ஏதோ ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்தவர் ஒருவர் தலை முழுக்கச் சோப்போடு மானேஜரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இருட்டிவிட்டால் முள்ளுக்காட்டு வழியாகக் கடலுக்குப் போக முடியாதாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துக்கொண்டோம்.

காலையில்தான் அந்தக் காப்பி வந்தது. அப்பா ஒரு மடக்கு குடித்தார். டம்ளரைத் தரையில் வைத்தார்.

"பன்னெண்டு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்காம்ல" என்றார், யாரையும் பார்க்காமல்.

கடலைப் பார்த்துவிட்டாவது போகலாம் என்று அம்மா சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மடித்து வைத்த சேலையை எடுத்து மறுபடியும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். மூன்றாவது தடவையும் கடல் அவளைத் திருப்பி அனுப்புகிறது, இந்தத் தடவை துட்டி வரவில்லை, மகன் வந்திருக்கிறான். என் வாழ்நாளில் நான் நகைச்சுவையாக எதுவும் யோசிக்காத கால்மணி நேரம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

பெட்டியோடு வாசலுக்கு வரும்போது வானம் கறுத்திருந்தது. முதல் துளி வாசலில் போட்டிருந்த மானேஜரின் மேஜைமேல் விழுந்தது. இரண்டாவது அப்பாவின் மூக்கில். அடுத்த நிமிடம் கொட்ட ஆரம்பித்துவிட்டது, கோடை மழை, இடியோடு. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் உள்ளே ஓடினார்கள். எங்கள் குடும்பம் மட்டும் வெளியே ஓடியது.

இதில் வேண்டுமென்று செய்தது ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் மழை விழுந்தால் யாரும் ஒதுங்க மாட்டார்கள். ஏனம், பாத்திரம் என்று கையில் கிடைத்ததைத் தூக்கி வெளியே வைப்பார்கள், அதற்குப் பிறகுதான் தலையைத் துவட்டுவார்கள். கை தானாகப் போகும். "ஏலே, வாளிய எடுடா!" என்று அம்மா போட்ட சத்தத்தில், தான் இருப்பது யார் வீடு, யார் வாளி என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய புது வேட்டியை உதறினார். துணி காயப்போடும் கம்பங்களில் நான்கு மூலையையும் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டால் வேட்டி தொட்டில் மாதிரி இறங்கும். மழைத் தண்ணீர் அதில் வடிந்து, கல் கிடக்கிற இடத்தில் ஒரே தாரையாக ஊற்றும். கீழே அண்டாவை வைத்தால் தீர்ந்தது வேலை. மூன்று மூலைக்குத்தான் கம்பம் இருந்தது. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்தக் குடைய மடக்கி வச்சிட்டு இந்த மூலையப் பிடிங்க!"

மதுரை ஆபீசையே ஆட்டிவைத்த சூப்பரிண்டெண்டு, குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். மானேஜர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்னம்மா இது, என்ன பண்றீங்க?"

"தண்ணி பிடிக்கோம். ஒங்க சமயக்கட்டுல பெரிய அண்டா கெடந்துச்சே, அத உருட்டிட்டு வாங்க. மொதத் தண்ணியக் கீழ ஊத்திருங்க, புது வேட்டி, கஞ்சி இருக்கும். நிக்காதீக, மழ நிக்கும்!"

மானேஜர் அண்டாவை உருட்டினார். சூப்பரிண்டெண்டின் மனைவி அறை அறையாகப் போய்க் கூஜாவும் செம்பும் சேகரித்தார். நானும் என் பங்குக்கு, மானேஜர் மேஜைக்கடியிலிருந்து பளபளப்பான ஒரு பித்தளைப் பாத்திரத்தைக் கண்டெடுத்துக்கொண்டு ஓடிவந்து வேட்டிக்கடியில் வைத்தேன்.

"ஏ கிறுக்குப் பயலே, அது வெத்தல துப்புற படிக்கம்டா!"

மழைச் சத்தத்தையும் மீறி விடுதியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் கடைக்கு வெளியே அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. படிக்கத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தபோது எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், இன்னொரு படிக்கம் கிடைக்காதா என்றிருந்தது.

மழை நின்றபோது விடுதியில் தண்ணீர் இல்லாத பாத்திரம் ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியை சூப்பரிண்டெண்டு கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இத்தனை நாளாக உப்புத் தண்ணீரில் வேகாமல் கல்லாகக் கிடந்த துவரம்பருப்பு அன்றைக்கு மலர்ந்து வெந்தது என்று சமையல்காரர் வெளியே வந்து அறிவித்தார். அம்மா அடுக்களைக்குள் போய் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாயில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு அப்பா எழுந்தபோது மணி இரண்டரை.

"பஸ்ஸு போயிருக்கும்ல?" என்றார்.

"போயிருக்கும்" என்றாள் அம்மா.

"சரி, அப்ப வா, அதப் பாத்துட்டு வருவோம்."

'அது' என்றால் கடல். முள்ளுக்காட்டு ஒற்றையடிப் பாதையில், ஈர மணலில் செருப்புப் புதைய நடந்து போனோம். அம்மா கரையில் போய் நின்றாள். கும்பிடவில்லை, கையைத் தட்டவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். தூரத்தில், அடிவானத்தில், மேகம் இன்னும் கடல்மேல் பெய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது.

"இங்க பாருங்க அநியாயத்த! பரளச்சியில ஒரு பொட்டு இல்ல. இம்புட்டுத் தண்ணி கெடக்கிற எடத்துல போயிக் கொட்டுது!"

அந்த மழையைத் திட்டிக்கொண்டே முழங்கால் அளவு தண்ணீர்வரை போய்விட்டாள். ஒரு அலை வந்து சேலையை இடுப்புவரை நனைத்தது. திட்டுவதை நிறுத்திவிட்டு நின்றாள். அடுத்த அலைக்கும் நின்றாள். பொழுது இறங்கும்வரை அவளை வெளியே கொண்டுவர முடியவில்லை.

கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, அவளையே பார்த்துக்கொண்டு, என்னிடம் எரிச்சலாகத்தான் சொன்னார்:

"அடுத்த வருசமாச்சும் சன்னல் இருக்கிற ரூமாப் பாத்து எழுதுலே."

என் காதில் விழுந்ததெல்லாம் 'அடுத்த வருசம்' என்ற இரண்டு சொற்கள்தான். அந்தத் திட்டுக்கு நான் அவருக்கு இன்றுவரை நன்றி சொல்லவில்லை. திட்டுக்கு நன்றி சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் விட்டுப்போயிற்று.

பிறகு ஆறு வருஷம், ஆறு ஊர். எல்லா விடுதியையும் நானே தேர்ந்தெடுத்தேன். ஒன்றுகூட உருப்படியாக அமையவில்லை. ஒன்றில் கூரை ஒழுகியது, ஒன்றில் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் கட்டில்மேல் ஏறிக் கடல் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாவிட்டாலும் தெரிகிறது என்பார். அம்மா ஒவ்வொரு கடலையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. அந்த முதல் விடுதி இருந்த இடத்தில் இறால் பண்ணை வந்து, அதுவும் போய், பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத நாலு குடும்பங்கள் ஒரே மோசமான விடுதியில் மாட்டிக்கொண்டு, அதனாலேயே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சியையும் நான் பார்த்து வெகுநாளாயிற்று. இப்போது மாட்டிக்கொள்கிறவர்கள் அவரவர் அறையில் அவரவர் போனில் புகார் எழுதுகிறார்கள்.

சென்ற வருஷம் என் மகள் என்னையும் அவள் அம்மாவையும் கிரேக்க நாட்டுக்கு அழைத்துப் போனாள். ஏதோ ஒரு தீவு. பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. எட்டு மாதம் தேடி அவளே பிடித்த கடற்கரை ஓட்டல். படத்தில் நீச்சல் குளம் இருந்தது. நேரிலும் இருந்தது, தண்ணீர் இல்லாமல், நடுவில் ஒரு சாம்பல் பூனை படுத்துக்கிடந்தது. கடலைப் பார்த்த பக்கம் புதிதாக ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மகள் பெட்டியைக்கூடத் திறக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்களை நிமிர்ந்து பார்க்கப் பயந்து, தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தத் தலையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அது என் கழுத்தின்மேல்தான் இருந்தது.

"ஏத்தா, எந்திரி" என்றேன். "அந்தப் பூனைக்கு என்ன பேரு வைக்கலாம்னு போயிப் பாத்துட்டு வருவோம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பைத் தேடினாள்.