லாரி வாசலில் நின்ற ஐந்து நாட்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதக் கடைசியில், நண்பன் கல்யாணத்துக்காகத் தேவகோட்டை போயிருந்தேன். வந்ததே வந்தோம், செட்டிநாட்டு வீடொன்றில் ஒரு ராத்திரியாவது தங்காமல் திரும்புவதில்லை என்று பிடிவாதம். காரைக்குடிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், பேருந்தில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து, ஆள் தங்கலாம் என்று கல்யாண வீட்டில் சொன்ன வீட்டுக்குக் கோவிலூர் சாலையில் குதிரை வண்டி, ஒரு ரூபாய். இன்று அந்த வீட்டின் ஒரு நாள் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். அன்று சாப்பாட்டோடு பன்னிரண்டு ரூபாய்.

வாசலில் வெறும் லாரி ஒன்று நின்றது. வரவேற்ற ஆச்சிக்கு ஐம்பது வயதிருக்கும்; கணவர் இல்லை. வீட்டில் பாதி அவருடையது, பாதி கொழுந்தனாருடையது. கொழுந்தனாருக்குப் பர்மா தேக்குத் தூண்களைப் பிரித்து விற்க ஆசை. ஆச்சிக்கு வீட்டை ஓட்டலாக்க வேண்டும்.

"ஓட்டல்னா ஆள் வரணும்ல, அண்ணமிண்டி? தை கடைசி வாரம் பாக்குறேன். வாரம் முழுக்க ஆள் தங்கினா அப்புறம் தூணைத் தொடவே மாட்டேன். நடுவுல ஒரு நாள் காலியாக் கெடந்தாலும் லாரி உள்ள வரும்" என்று கொழுந்தனார் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லியிருந்தாராம். அண்ணன் மனைவியை அங்கே அண்ணமிண்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் ஆளே நான்தான்! தை முடிய இன்னும் ஒரு வாரம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அலுவலகத்துக்குத் தந்தி அடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தினமும் காலையில் கொழுந்தனார் வந்து, "இன்னைக்குக் கெளம்புறீகளா?" என்பார்.

"கவுனி அரிசி இன்னும் சாப்பிடலையே!" என்பேன்.

ஐந்தாம் நாள் விடுப்பு தீர்ந்தது. ஆச்சி அழவில்லை. "போயிட்டு வாங்க தம்பி. லாரிக்கு முன்னால நான் உக்காந்துக்கிறேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேருந்து நிலையத்தில் சிங்கம்புணரி விதை வியாபாரி ஒருவர் லாட்ஜ் விசாரித்துக்கொண்டிருந்தார். என் மதுரை வண்டி கிளம்பியது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, அவர் பெட்டியைப் பிடுங்கிக் குதிரை வண்டியில் போட்டேன்.

"எங்குட்டுய்யா கூட்டிட்டுப் போறீக?" என்று கத்திக்கொண்டே அவரும் ஏறினார்.

லாரி பாதி உள்ளே வந்திருந்தது. ஆச்சி சொன்னபடியே அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தனார் எங்களையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "பின்னால எடுப்பா" என்றார். வியாபாரி தை முடியும்வரை இருந்தார், பணியாரத்துக்காகவாம்.

போகிறவர்களுக்கு: தையில் போங்கள், வெயிலைத் தாங்கலாம். இப்போது ஆச்சியின் மகள் நடத்துகிறார். இரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். போன முறை நான் சொல்லாமல் போய் நின்றேன். அறை எதுவும் காலியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!