சந்தைமுக்குப் பவுண்டனும் வாந்திபேதியும்

சித்தூர்ச் சந்தைமுக்கில் இருந்த பவுண்டன் என்ற குடிநீர்த் தூணை உடைக்க ஆட்கள் கடப்பாரையோடு வந்தபோது வால்வுச் சாவி என் கையில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கோயம்புத்தூரில் பைப் வேலை பழகிவிட்டு வந்து, அந்தப் பைப் லைனைப் பார்த்துக்கொண்டிருந்த பிட்டர் நான்.

பவுண்டனைக் கட்டியவர் பழனிச்சாமிக் கவுண்டர். குளத்துத் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் இறந்துபோன மகளின் நினைவாக, தம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ஆயில் எஞ்சின் மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து வார்ப்பிரும்புப் பைப் தெருவுக்கடியில் வந்து, ஒரு கல்தூணின் பித்தளை வாய்களில் கொட்டும். தூணில் அந்தப் பெண்ணின் பெயர் செதுக்கியிருந்தது.

பவுண்டன் கட்டிய இரண்டாம் கோடையில் வாந்திபேதி வந்தது. செத்தவர்களில் பலரும் பவுண்டனைச் சுற்றிக் குடியிருந்தவர்கள். கவுண்டர் மகள் துணைக்கு ஆள் கூப்பிடுகிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. ஜனங்கள் பகலிலேயே கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் தூண் பக்கம் போனால் அந்தப் பெயரைப் பார்க்காமல் திரும்பிவிடுவேன்.

கடப்பாரையோடு வந்தவர்களுக்குத் தலைமையாக மருதாயி நின்றாள். சந்தையில் காய்கறி விற்பவள். முந்தின நாள்தான் புருஷனைச் சுடுகாட்டுக்கு அனுப்பியிருந்தாள். கவுண்டர் வந்ததும் அவரிடம் நேராகச் சொன்னாள்.

"இந்தத் தண்ணிதானுங்க என்ற ஊட்டுக்காரரக் கொண்டுபோச்சு."

கவுண்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது என்ற கெணத்துத் தண்ணி அம்மிணி. என்ற புள்ள பேர்ல உட்டது. அதுல என்ன கோளாறு வரும்?"

குடித்துக் காட்ட அவர் பித்தளை வாய்க்குக் கையை நீட்டினார். நான் அவர் காதோரம், "குடிச்சுப்போடாதீங்க. ஒருக்கா லைனைப் பார்த்துட்டு வந்தர்றனுங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி எல்லோர் முன்னாலும் குடித்தார். கடப்பாரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டம் கலைந்தது.

மருதாயி மட்டும் போகவில்லை. "எத வெச்சுங்கக்கா தண்ணின்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"காலையில மொதக் கொடம் சாக்கடை வாடை அடிக்குதுங்க. அப்பறம் போயிருது."

தொட்டி வால்வை ராத்திரியில் பூட்டிவிடுவோம். அப்போது பைப்பில் அழுத்தம் இருக்காது. எங்காவது ஜாயின்ட் விட்டிருந்தால் வெளியில் நிற்கும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

பைப் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் தோண்டினோம். பாரவண்டிகள் திரும்பும் முனை அது. வண்டி ஏறி ஏறி ஜாயின்டில் ஊற்றியிருந்த ஈயம் பிதுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அந்தச் சாக்கடையில்தான் நோயாளிகளின் துணியை அலசிக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டரிடம் சொன்னேன். "சாவியக் கொண்டா" என்றார். தாமே வால்வைப் பூட்டினார். பிறகு வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, "அந்தத் தண்ணி ஆகாது, புடிச்சு வெச்சிருந்தாக் கொட்டிப்போடுங்க" என்றார். முதலில் போனது மருதாயி வீட்டுக்கு. அவள் வெளியே வந்து அவரோடு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கவுண்டருக்கே வாந்தி கண்டது. அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அழுகுரல் கேட்டுவிடுமோ என்று காதைப் பொத்திக்கொண்ட நேரமும் உண்டு. எலும்பும் தோலுமாகப் பிழைத்து எழுந்தார். லைனைச் சாக்கடைக்கு மேலே கல் நிறுத்தித் தூக்கிக் கட்டிய பிறகே மறுபடி தண்ணீர் விட்டோம்.

இப்போது வேலைக்கு வரும் பிட்டர்களுக்கு ஒன்று சொல்வேன். பயந்துபோய் வருகிறவர்கள் பேய் என்பார்கள், சாபம் என்பார்கள். சிரிக்காதீர்கள், விரட்டாதீர்கள். எங்கே, எப்போது, என்ன கண்டீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.