டர்ன் டவுன்னா என்ன அர்த்தம்?

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவில் பழைய தோட்டத்துத் துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். நானும் கமலாவும் அங்கே அறைகளைச் சுத்தம் செய்தோம். 'டர்ன் டவுன்' என்றால் எங்களுக்கு, விருந்தினர் படுக்க வசதியாகச் சாயந்தரம் போர்வையை மடித்துவிடுவதுதான்.

சூப்பர்வைசர் வேலைக்கு இருவருமே நேர்முகத் தேர்வுக்குப் போனோம். கமலா எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள். ஆனாலும் எல்லோருக்கும் அவளைத்தான் பிடிக்கும். அதை நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் போனில் பேசும்போது 'கமலா', 'டர்ன் டவுன்' என்ற இரண்டும் காதில் விழுந்தன. வரவேற்பு மேசையில் இருந்த மேரியிடம் கேட்டேன்.

"வேல விஷயத்துல சொன்னா, வேணாம்னு தள்ளுறதுங்க அக்கா."

யார் தள்ளியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மனசு குளிர்ந்துபோய், நானே தேத்தண்ணி ஊற்றிக் கமலாவிடம் கொண்டுபோனேன்.

"கவலப்படாத கமலா. அடுத்த தடவ கெடைக்கும்."

அவள் விழித்தாள். "எனக்குத்தான் குடுத்தாங்க அக்கா. நாந்தான் வேணாம்னுட்டேன். புள்ளய விட்டுட்டு ராவுல இங்க தங்க ஏலாது. ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னேன்."

அந்த வேலை எனக்கே வந்தது. நன்றாகத்தான் செய்கிறேன். ஆனால் பொழுது சாயும்போது, இரவு இங்கேயே தங்கும் நான், பிள்ளையிடம் போக அவள் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்தால் நெஞ்சு எரிகிறது. வேலை அவளுக்குக் கிடைத்துவிடுமோ என்று அன்று பொறாமைப்பட்டேன். அதை வேண்டாம் என்று சொல்ல அவளால் முடிந்ததே என்று இன்று பொறாமைப்படுகிறேன்.